எதிர்காலத்தைக் கட்டிப்பிடித்த உடும்பு

ஒரு காட்டில் ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. காட்டின் பெயர் கருங்குன்றம். பழைய கதைகளில் வருவதுபோல அங்கே சிங்கராஜா யாரும் கிடையாது. தேன்கூடு தொங்கும் மரங்களில் பாதி கரடி நாச்சிமுத்துவின் பிடியில் இருந்ததால் அவரே காட்டுக்குப் பெரியவர், அவரே அணிக்கும் தலைவர். கிரிக்கெட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே விதி, ஜெயித்தால் மாலையைத் தலைவர் கழுத்தில்தான் போட வேண்டும் என்பது.

கருங்குன்றத்தில் பந்து போட ஆள் உண்டு, பாய்ந்து பிடிக்க ஆள் உண்டு. அடிக்கத்தான் ஆள் இல்லை. அந்த வருஷம் இறுதிப் போட்டி பக்கத்து வெள்ளிமுடிக் காட்டோடு நடந்தது. கடைசிப் பந்தில் ஒரு நாலு அடித்தால் கோப்பை. மட்டையோடு நின்றவர் முள்ளம்பன்றி மாரப்பன். தலைவருக்கு மச்சான். கரடிக்கு முள்ளம்பன்றி எந்த வழியில் மச்சான் ஆகும் என்று கேட்டவர்கள் யாரும் இப்போது அணியில் இல்லை.

மாரப்பன் அந்தக் கடைசிப் பந்தை மிகுந்த மரியாதையோடு தடுத்தார். காலடியில் நின்ற அதைக் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, போட்டவரிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததா என்று கேட்டார். மரங்களில் இருந்த குரங்குகள் பலாக்கொட்டைகளை எறிந்தன. எறிந்ததெல்லாம் அவர் முள்ளில் குத்திக்கொண்டு நின்றது. கொஞ்ச நாளைக்கு அவர் வீட்டில் பலாக்கொட்டைக் குழம்புதான் என்று கேள்வி.

பிறகு மழைக்காலம் வந்தது. மைதானம் குட்டையானது, தவளைகள் குடியேறின. ஆட்டம் இல்லாத காலம்தான் கிரிக்கெட்டில் மிகவும் ஆபத்தான காலம். எல்லாருக்கும் யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. குரங்குகள் ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு, அணியில் யாரை எடுக்க வேண்டும், யாரைத் தூக்கியெறிய வேண்டும் என்று குரூப்பில் விடாமல் எழுதின. அதில் திருப்தி வராமல் கரடியின் குகை வாசலில் வரிசை கட்டி நின்று நேரிலும் சொல்லின. கரடிக்கு மழைக்காலத் தூக்கம் கெட்டது. அதனால்தான் அவர் அணியின் மேலாளரைக் கூப்பிட்டார்.

மேலாளர் சென்னியப்பன் ஓர் உடும்பு. பிடித்ததை விடத் தெரியாது என்பதையே தகுதியாகச் சொல்லி வேலை வாங்கியவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அணியில் இருந்த குட்டிகள் எல்லாரையும் அவரே தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தார். அதிலும் கீரி தவமணி மேல் அவருக்கு உயிர்.

தவமணியை அவர் முதலில் பார்த்தது ஒரு புற்றுக்குப் பக்கத்தில். ஒரு நல்லபாம்போடு அவள் மல்லுக்கு நின்றாள். பாம்பு ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தலை வரும் இடத்தில் அவள் இல்லை. பாம்பின் தலையையே இப்படிக் கணிப்பவளுக்குப் பந்து எம்மாத்திரம் என்று சென்னியப்பன் நினைத்தார். பாம்பின் கதை முடியும்வரை பொறுமையாக இருந்து, அவள் கையில் ஒரு மட்டையைக் கொடுத்து, பந்தை வீசிப் பார்த்தார். அந்தச் சின்ன உடம்பிலிருந்து புறப்பட்ட பந்து நாவல் மரத்துக்கு மேலே போய் மறுபக்கம் விழுந்தது. உடும்புக்குக் கண் கலங்கிவிட்டது. இவளை யார் கண்ணிலும் காட்டக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

அன்று தொடங்கி தவமணி அணியில் இருந்தாள், ஆனால் ஆடவில்லை. குன்றுக்குப் பின்னால் யாரும் வராத ஒரு பொட்டலில் சென்னியப்பனே பந்து போட, அவள் அடித்துக்கொண்டிருப்பாள். போட்டி நாளில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அடிக்க ஆளில்லாமல் அணி தோற்கும்போதெல்லாம் சென்னியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்து, இவள் ஒருத்தி இருக்கிறாள், நமக்குக் கவலையில்லை என்று ஆறுதல் அடைவார். அவளை இறக்கினால் என்ன என்று யாராவது கேட்டால், பிஞ்சில் பறித்தால் காயும் இல்லை பழமும் இல்லை என்பார். அவள் எதிர்கால நட்சத்திரம் என்பார். இதைச் சொல்லிச் சொல்லி வருஷங்கள் போயின. எதிர்காலம் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

குகையில் கரடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அடிக்கிற ஆள் ஒருத்தர் வேண்டும், மழை விடுவதற்குள் வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. எந்த அணியிலும் சேராமல் தனியாகத் திரியும் யானை மாதையனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால், வெள்ளிமுடியில் இருக்கும் பேர்பெற்ற காட்டெருமை ராக்கியப்பனை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நம் குட்டிகள் சிலரைக் கொடுக்கலாம்.

குட்டிகளைக் கொடுப்பது என்ற பேச்சைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு வால் நடுங்கியது. யானையையே பார்ப்போம் என்றார்.

மாதையன் ஓடைக்கரையில் நின்றிருந்தார். பந்தைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் அடித்தது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தகவல் இல்லை. சம்பளமாக ஓடைக்கரை மூங்கில் தோப்பு முழுவதையும் கேட்டார். கரடி உடனே சரி என்று சொல்ல வாயெடுத்தார். சென்னியப்பன்தான் தடுத்து, இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எப்படி ஓடி ரன் எடுப்பீர்கள் என்று கேட்டார்.

"அடிச்ச பந்து திரும்பி வந்தாத்தானுங்க ஓடோணும்" என்றார் மாதையன்.

அந்தப் பதிலுக்கு மேல் ஒரு கேள்வி தேவையில்லை. ஆனால் சென்னியப்பன் எதையும் தீர விசாரிக்கிறவர். காது விசிறினால் கண்ணை மறைக்குமா, மதம் பிடிக்கும் மாதமும் சீசனும் ஒன்றாக வருமா, தும்பிக்கையில் பந்து பட்டால் அது கையா மூக்கா, நடுவர் என்ன சொல்வார் என்று ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். ஆராய்ச்சி பாதியில் இருக்கும்போதே கொடித்துறைக் காட்டிலிருந்து ஆட்கள் வந்து, மாதையன் பேசி முடிப்பதற்குள் சரி என்று சொல்லி, அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். குரங்குகள் அன்று குரூப்பில் எழுதியதை இங்கே எழுத முடியாது.

இனி இருந்தது ஒரே வழி. வெள்ளிமுடி அணியின் தலைவி சிறுத்தை பாவாயம்மாள் பேச்சுவார்த்தைக்குக் கரடியின் குகைக்கு வந்தார். நிதானமானவர், குரல் உயர்த்தமாட்டார், கண்ணை மட்டும் கொட்டாமல் பார்ப்பார். ராக்கியப்பனைக் கொடுக்கிறேன், எனக்குத் தவமணியும் கூட ஒரு முயலும் ஒரு சருகுமானும் போதும் என்றார். தவமணியைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சென்னியப்பன் பதறிப்போய்க் கேட்டார். குன்றுக்குப் பின்னால் நடந்ததை ஒரு குரங்கு வீடியோ எடுத்து, அது எல்லாக் காட்டுக்கும் போய் நாளாகியிருந்தது. தெரியாதவர் சென்னியப்பன் ஒருவர்தான்.

அப்போது அவர் ஒரு பேச்சுப் பேசினார். குட்டிகள் சந்தையில் விற்கும் சரக்கு இல்லை என்றார். இந்த மண்ணில் முளைத்ததை வேரோடு பிடுங்கி வேறு காட்டில் நட்டால் தழைக்காது என்றார். தவமணியின் கால் நகர்வது எப்படி, கண் பார்ப்பது எப்படி, இப்படி ஒருத்தி தலைமுறைக்கு ஒருமுறைதான் பிறப்பாள் என்று விவரித்துக்கொண்டே போனார். கரடிக்கே கண்ணில் நீர் வந்தது. பாவாயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இவ்வளவு உசத்தியான பிள்ளை என்று தெரியாமல் போயிற்று, அப்படியானால் முயலும் சருகுமானும் வேண்டாம், தவமணியை மட்டும் கொடுங்கள் என்றார்.

சென்னியப்பன் முடியவே முடியாது என்றார். பேச்சு அன்றைக்கு அப்படியே நின்றது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. சென்னியப்பன் ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கியிருந்தார். தவமணி நனைந்துகொண்டு அவரைத் தேடி வந்தாள். தன்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, அதெல்லாம் என் கடமை கண்ணு என்று சொல்வதற்கு அவர் தயாரானார்.

"என்னைய வெள்ளிமுடிக்கு அனுப்பி வெச்சுருங்கண்ணா" என்றாள் தவமணி.

இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்றாள் அவள். வெள்ளிமுடியில் வயது பார்க்காமல் ஆட இறக்குகிறார்களாம். அவளோடு வளர்ந்த கீரிகள் எல்லாம் பாம்பு பிடித்துக் குடும்பமாகிவிட்டன. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அவள் அம்மா கேட்கும்போது, எதிர்காலமாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"நான் ஒரே ஒரு மேட்ச் ஆடிப் பாக்கோணுங்கண்ணா. தோத்தாலும் பரவால்ல. பாம்புக்கு முன்னால நிக்கையில, நீ அடுத்த வருசம் வந்து நில்லுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே."

அவள் சொன்னது நியாயம் என்று சென்னியப்பனுக்கே பட்டது. அப்படிப் பட்டதும் பயம் இன்னும் அதிகமானது. அவள் முன்னங்காலை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியாது கண்ணு. நீ பூச்சியத்துல அவுட்டானா இந்தக் கொரங்குக உன்னையச் சும்மா உடுமா? நல்லா ஆடுனா ஊரே உன்னையக் கேட்டு வந்து நிக்கும். ரெண்டும் ஆகாது. நான் உன்னைய உடமாட்டேன்."

சொன்னதுபோலவே விடவில்லை. தவமணி காலை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் அசந்து கண்ணயர்ந்த பிறகுதான் உருவிக்கொண்டு போக முடிந்தது.

மறுபடி பேச்சு கூடியபோது பாவாயம்மாள் புதிதாக ஒன்றைக் கேட்டார். குட்டிகள் யாரும் எனக்கு வேண்டாம், உங்கள் மேலாளரைக் கொடுங்கள் என்றார். கரடிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. யாரை என்று கேட்டார்.

"இவரைத்தானுங்க. இந்தக் காட்டுல நீங்க எதைக் கேட்டாலும் குடுக்கறீங்க. இவரு ஒருத்தருதான் எதைக் கேட்டாலும் குடுக்கமாட்டேங்கறாரு. எங்க பிள்ளைகளைக் காபந்து பண்ண எனக்கு அப்படி ஒருத்தர் வேணும்."

கரடி யோசிக்கவே இல்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் உழைத்த இடம். ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. யாரும் சரக்கு இல்லை என்று முந்தின நாள்தான் அதே குகையில் பேசியிருந்தார். அதை மறுபடி சொல்ல வாயைத் திறந்தவர், கொஞ்சம் நிறுத்தி, பாவாயம்மாள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ராக்கியப்பனுக்கு ஈடா நான் ஒருத்தன் மட்டுந்தானுங்களா அம்மணி? கூட வேற யாரையும் சேக்கலீங்களா?"

"நீங்க ஒருத்தர் மட்டுந்தான்" என்றார் பாவாயம்மாள்.

ஒரு முழுக் காட்டெருமைக்கு ஒற்றை உடும்பு. சென்னியப்பனின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. குட்டிகளுக்குத்தான் விலை பேசக் கூடாது, அனுபவத்துக்குப் பேசலாம் என்று அவருக்குத் தோன்றியது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். தவமணியிடம், யார் கூப்பிட்டாலும் ஆடப் போகாதே, இன்னும் ஒரு வருஷம் பொறு என்று புத்தி சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

காட்டெருமை ராக்கியப்பன் வந்து இறங்கியபோது கருங்குன்றமே திரண்டது. கரடி மாலை போட்டார், தானும் ஒன்று போட்டுக்கொண்டார். ராக்கியப்பன் நல்ல மனுஷன். என்ன செய்ய, முன்னங்கால் முட்டி இரண்டும் போயிருந்தது. பாவாயம்மாள் எதற்காக அவரை இவ்வளவு சுலபமாகக் கொடுத்தார் என்பது மழை விட்டு முதல் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் விளங்கியது. ராக்கியப்பன் ஓங்கினார், முட்டி மடங்கியது, அப்படியே உட்கார்ந்தார். அவரைத் தூக்கி நிறுத்தவே ஒரு கூட்டம் வேண்டியிருந்தது.

புது மேலாளராக அமர்ந்திருந்தவர் மாரப்பன். அவர் மைதானத்துக்குள் இறங்காமல் இருக்க வேண்டும், அதே சமயம் வீட்டில் தன் மனைவியிடம் பதில் சொல்லவும் வேண்டும் என்பதால் கரடி கண்டுபிடித்த ஏற்பாடு அது. மாரப்பன் ஒருநாளும் பயிற்சியைப் பார்த்தவர் இல்லை. அணியில் யார் எதிர்காலம், யார் கடந்தகாலம் என்று அவருக்குத் தெரியாது. ராக்கியப்பன் விழுந்ததும் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கீரி சும்மா உட்கார்ந்திருந்தது.

மட்டை பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள் தவமணி. அப்படியானால் போ என்றார். அணித்தேர்வு அத்தோடு முடிந்தது.

தவமணி முதல் பந்திலேயே அவுட்டானாள். பூச்சியம். சென்னியப்பன் பயந்தபடியே குரங்குகள் பலாக்கொட்டை எறிந்தன. ஒன்று நெற்றியில் பட்டு வீங்கியது. அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, வீக்கத்தைத் தடவிக்கொண்டு, உலகம் இன்னும் அப்படியே இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த ஆட்டத்திலும் ராக்கியப்பன் உட்கார்ந்தார். மாரப்பன் சுற்றிப் பார்த்தார். அதே கீரி. போன முறை இவள் பூச்சியம் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. மறுபடியும் போ என்றார். அன்று தவமணி அடித்த அடியில் தவளைகள் மைதானத்தைக் காலி செய்தன. அதற்கு அடுத்த ஆட்டமும், அதற்கு அடுத்ததும் அப்படியே. மாரப்பன் ஒவ்வொரு தடவையும் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, உனக்கு மட்டை பிடிக்கத் தெரியுமா என்று கேட்டு அனுப்பினார்.

இறுதிப் போட்டிக்கு மறுபடியும் வெள்ளிமுடியே வந்தது. எதிர்ப்பக்கத்தில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். நெருக்கமான ஆட்டம். கடைசி ஓவர், கருங்குன்றத்துக்கு இன்னும் ஆறு ரன் வேண்டும், மட்டையோடு தவமணி. பாவாயம்மாள் சென்னியப்பன் பக்கம் திரும்பினார். இந்தப் பெண்ணை வளர்த்தவர் நீங்கள், எந்தப் பந்தில் விழுவாள் என்று சொல்லுங்கள் என்றார்.

சென்னியப்பனுக்குத் தெரியும். இடது கால் பக்கம் மெதுவாக வரும் பந்தை அவளால் ஆட முடியாது. குன்றுக்குப் பின்னால் எத்தனையோ மாலைகளில் அதில் அவள் தடுமாறியதை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். சொல்லாமல் இருக்க மனம் கெஞ்சியது. ஆனால் சாப்பிடுவது வெள்ளிமுடிச் சோறு. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

பந்து போட்ட காட்டுப்பூனை அதே இடத்தில், அதே மெதுவில் போட்டது. தவமணி காலை விலக்கினாள். குன்றுக்குப் பின்னால் செய்யாத ஏதோ ஒன்றை இடுப்பைத் திருப்பிச் செய்தாள். இந்தச் சீசன் முழுக்க ஆடி, அவுட்டாகி, அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று. பந்து வெள்ளிமுடிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு மேலே பறந்து போனது. அதைப் பார்த்ததும் சென்னியப்பன் எழுந்து நின்று கை தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் பாவாயம்மாள் கண்ணைக் கொட்டாமல் தன்னைப் பார்ப்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

கோப்பை கருங்குன்றத்துக்கு. மாலை கரடிக்கு. குரங்குகளோ, ராக்கியப்பன் காலடி வைத்த நேரம்தான் நல்ல நேரம் என்று முடிவுகட்டி, நொண்டி நொண்டி நடந்த அவரை ஒரு சப்பரத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டன. மாரப்பனைத் தொலைநோக்குள்ள மேலாளர் என்று குரூப்பில் எழுதின. அவர் அதைப் படித்துவிட்டு, தொலைநோக்கு என்றால் என்ன என்று மனைவியைக் கேட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு தவமணி சென்னியப்பனிடம் வந்தாள். அவர் தன்னைச் சுற்றி நின்றவர்களிடம், இவளை முதன்முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கண்ணா, நீங்கதான் கண்டுபுடிச்சீங்க" என்றாள் தவமணி. "கண்டுபுடிச்சு ஒளிச்சு வெச்சுட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் கை நீட்டுவதற்குள் எழுந்து, எட்ட நின்று சிரித்துவிட்டு, தன்னுடைய ஆட்களோடு போய்விட்டாள். சென்னியப்பன் வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அன்றைக்கு இறக்கியிருந்தால் இவள் இவ்வளவு நன்றாக ஆடியிருப்பாளா, என் பொறுமைதான் இவளைப் பழுக்க வைத்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் மனசு சமாதானமாயிற்று.

வெள்ளிமுடிக்குத் திரும்பியதும் பாவாயம்மாள் அவரைக் கூப்பிட்டு, வருகிற வருஷத்துக்கு நம்மிடம் யார் தேறுவார் என்று கேட்டார். சென்னியப்பன் சளைக்கவில்லை. ஒரு பறக்கும் அணில் குட்டியைப் பார்த்து வைத்திருக்கிறேன், தலைமுறைக்கு ஒருமுறைதான் அப்படி ஒன்று பிறக்கும், அதுதான் நம் எதிர்காலம் என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

இந்தச் செய்தி அணிலின் தாய்க்குப் போயிற்று. அவள் கையில் இருந்த கொட்டையைக் கீழே போட்டாள். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒரு கிளையிலும் நின்று மூச்சு வாங்காமல், அன்றைக்கே கருங்குன்றத்துக்குக் குடிபெயர்ந்தாள்.

நீதி: பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டால், அவர்கள் மேல் உயிரையே வைத்திருப்பவரை முதலில் பக்கத்துக் காட்டுக்கு மாற்றிவிடுங்கள். பதிலுக்குக் கிடைப்பது முட்டி போன எருமையாக இருந்தாலும் நஷ்டமில்லை.